எபிரேயப் பெயர் வேண்டும், எல்லார் வாயிலும் நுழையவும் வேண்டும்: யோசனை சொல்லுங்கள்

குமரிக்கடல் (இழையைத் தொடங்கியவர்), செவ்வாய் இரவு 9:40

வணக்கம் மக்களே. செப்டம்பரில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. நான் நாகர்கோவில்காரி. கணவர் இஸ்ரேலில், ஹைஃபாவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது இருவரும் நியூஜெர்சியில் இருக்கிறோம். நடுப்பெயர் என் பாட்டியின் பெயர், அதில் பேச்சே இல்லை. முதல் பெயர் எபிரேயத்தில் வைப்பதாகக் கல்யாணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டேன். அப்போது எளிதாகத்தான் தெரிந்தது.

பெயரை மூன்று இடங்களில் கூப்பிட வேண்டும். ஹைஃபாவில் மாமியார், இங்கே குழந்தைகள் காப்பகத்து டீச்சர், நாகர்கோவிலில் என் அம்மா. கணவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் இந்தக் கவலை. எபிரேயத்தில் அவர் யிட்ஸ்ஹாக். நடுவில் ஒரு 'ட்ஸ', அதை ஒட்டியே தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு 'ஹ'. அலுவலகத்தில் ஒருவர் 'யிட்சாக்' என்பார், இன்னொருவர் 'இட்ஜாக்' என்பார். காபிக் கடையில் அவரே சலித்துப்போய் 'ஐசக்' என்று சொல்லிவிடுவார். என் அம்மா முதல் நாளிலிருந்தே 'ஈசாக்கு' என்றுதான் கூப்பிடுகிறாள். வேதாகமத்தில் அப்படித்தானே இருக்கிறது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவர்கள் அஷ்கெனாசி யூதர்கள். இறந்துபோன உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பது வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் போன அவர் பாட்டியின் பெயர் ஹவா, அதாவது ஏவாள். மாமியார் வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் ஆசை இருக்கிறது. இதிலும் அந்தத் தொண்டை 'ஹ'தான். ஆங்கிலத்தில் சி, எச் போட்டு எழுதுகிறார்கள். வாட்ஸாப்பில் படித்த என் தங்கை, 'சாவாவா? பெண் பிள்ளைக்கா?' என்று கேட்டாள். அன்றைக்கு அந்தப் பேச்சை மூடியவள்தான்.

கணவர் கொடுத்த வேறு பட்டியல்: மாயா, நோஆ, யாஏல், தாமார், தலி, ஷனி, நிலி, அடி, மோர். இதில் பாதியை ஏன் அடித்தேன் என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு மாலை போய்விட்டது.

மக்ரூன், செவ்வாய் இரவு 10:05

அக்கா, மோர் என்று வைத்துவிட்டு ஊருக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் குழந்தையைக் கூப்பிட்டால் நாலு பேர் சொம்போடு வருவார்கள். 'அடி' என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் போடுவார். ஷனியும் நிலியும் கணவர் வேண்டுமென்றே போட்டதா?

கார்மேல்_மலைக்காரன், புதன் காலை 6:15

ஹைஃபாவில் நாலு வருடமாக ஆராய்ச்சி வேலை. உங்கள் கணவருக்காக இரண்டு வார்த்தை. இவையெல்லாம் இங்கே உண்மையாகவே வைக்கிற, நல்ல பொருளுள்ள பெயர்கள். மோர் என்றால் வெள்ளைப்போளம். அடி என்றால் அணிகலன். ஷனி கருஞ்சிவப்பு நிறம். தலி என்றால் என் பனித்துளி (நமக்குத் தாலி!). நிலிதான் சுவாரசியமானது. அது ஒரு வேத வசனத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்த சொல். முதல் உலகப் போரின்போது துருக்கியருக்கு எதிராக ஆங்கிலேயருக்கு உளவு சொன்ன குழுவுக்கும் அதுதான் பெயர். அதில் இருந்த சாரா ஆரோன்சோன் 1917இல் பிடிபட்டுச் சித்திரவதைக்குப் பின் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இங்கே நிலி என்றால் அந்த வீரம் நினைவுக்கு வரும். நமக்குப் பழையனூர் நீலியும் நீலிக்கண்ணீரும்தான் வரும், என்ன செய்ய.

இப்போது ஒலிக்கு வருகிறேன். வெளியார் தடுக்கி விழுகிற இடங்கள் மூன்று. முதலாவது, ஹேத் என்ற எழுத்தும் அழுத்தம் இல்லாத காஃபும். இன்றைய இஸ்ரேலியர் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே, காறுவதற்கு முந்தின அந்த ஒலியாகச் சொல்கிறார்கள். ஏமனிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர்களிடம் மட்டும் ஹேத் தனியாகக் கேட்கும். இரண்டாவது 'ட்ஸ'. ட்ஸ்வி, ட்ஸிப்போரா எல்லாம் இந்தக் கணக்கு. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: அழுத்தம். எபிரேயத்தில் பல பெயர்களுக்கு அழுத்தம் கடைசி அசையில் விழும். தாமார் என்பதில் 'மார்' ஓங்கும். அமெரிக்கர் 'டே' என்று முதலிலேயே ஓங்கி அடித்துவிடுவார்கள். பெயர் அதுதான், ஆனால் அதைச் சொந்தப் பெயராக அடையாளம் காணவே ஒரு நொடி ஆகும்.

இன்னொன்று, பெயர் எளிதாக இருந்தாலும் ஆங்கிலத்தில் வேறொன்றாக விழும். மோரான் என்பது இங்கே ஒரு செடியின் பெயர், அங்கே அது மூடன் என்ற சொல்லுக்கு ஒரு எழுத்துதான் தள்ளி. ஓஸ்னாத் என்ற பெயருக்குள் மூக்குச்சளி ஒளிந்திருக்கிறது. நிம்ரோத் வேதத்தில் பெரிய வேட்டைக்காரன், அமெரிக்கப் பேச்சில் மடையன். ஹென் என்றால் எழில். எச் போட்டு எழுதினால் கோழி, சி எச் போட்டால் சீனர் குடும்பப்பெயர்.

மக்ரூன், புதன் காலை 8:30

ஏரியல் என்று வைத்தால் நம்மூரில் சோப்புத்தூள். ஏலியில் கால் போனால் எலி. அப்புறம், துக்கி என்று வைக்கலாமே? சாலமோன் அரசனுக்குக் கப்பலில் போன மயில், நம் 'தோகை' என்ற சொல்லிலிருந்து போனது என்று படித்திருக்கிறேன்.

கார்மேல்_மலைக்காரன், புதன் காலை 8:52

கால்டுவெல் சொன்னதுதான். ஆனால் இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. குழந்தையைக் கிளி என்று கொஞ்சலாம், பள்ளியில் பெயராகக் கொடுக்க வேண்டாம்.

பணிநிறைவு_ஆசிரியர், புதன் பகல் 12:20

அம்மா குமரிக்கடல், நான் முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தியவன். எபிரேயம் தெரியாது, ஆனால் தமிழ் வேதாகமத்தைச் சிறுவயது முதல் வாசிக்கிறேன். நீங்கள் கேட்கிற கேள்விக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஏற்கெனவே விடை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ரேச்சல் ஆகிவிட்டவள் தமிழில் ராகேல். இதைத் தென்மாவட்டத்துப் பாட்டி ஒருத்தி சொல்லக் கேளுங்கள். நடுவிலிருக்கும் ககரம் வல்லினமாக ஒலிக்காது. 'மகன்', 'அகல்' என்பதில் கரைவதுபோலக் கரைந்து ஹகரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எபிரேயர் ராஹேல் என்கிறார்கள் என்றால், அமெரிக்கரைவிட உங்கள் தாயார்தான் அவர்களுக்கு அருகில் இருக்கிறார். தாவீதின் மனைவி மீகாளும் அப்படியே.

இன்னும் ஒன்று. நகோமி, யாகேல் என்ற பெயர்களிலும் ககரம் வருகிறது. எபிரேயத்தில் அங்கே ககரமும் இல்லை, ஹகரமும் இல்லை என்று கேள்விப்பட்டேன். மலைக்காரர் உறுதி செய்ய வேண்டும்.

சொல்லின் முதலில் வந்தால்தான் நமக்குச் சிக்கல், தமிழ்ச் சொல் ஹகரத்தில் தொடங்காது. ஹன்னா அன்னாள் ஆனாள், ஹவா ஏவாள் ஆனாள். இதில் பழி நம்முடையது மட்டுமல்ல. கிரேக்கத்துக்குப் போனபோதே அந்த ஒலி உதிர்ந்து அன்னா, ஏவா என்று ஆகிவிட்டது.

கடைசியில் வரும் ளகரத்தைக் கவனித்தீர்களா? சாராள், ரெபெக்காள், லேயாள், தெபொராள். மூலத்தில் அது கிடையாது. அவள், மகள் என்று பெண்பாலை ளகரத்தில் முடித்துக் கேட்ட காதுக்கு வெறும் 'சாரா' அரைகுறையாகத் தோன்றியிருக்கும். மீகாளுக்கு மட்டும் அதிர்ஷ்டம், அவளிடம் லகரம் ஏற்கெனவே இருந்தது.

கார்மேல்_மலைக்காரன், புதன் பகல் 1:10

ஐயா, அருமை. நகோமியிலும் யாகேலிலும் இருப்பது ஆயின் என்ற எழுத்து. பழைய நாளில் தொண்டையை இறுக்கிச் சொல்வது, இப்போது பெரும்பாலோர் வாயில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளிதான். நஓமி, யாஏல். அந்த இடைவெளியில் விழாமலிருக்கத் தமிழ் ஒரு ககரத்தைப் பலகையாகப் போட்டிருக்கிறது!

யாஏல் என்றால் வரையாடு. எயின் கெதி பக்கம் போனால் பாறையில் ஏறி நிற்பதை நேரிலேயே பார்க்கலாம். நீலகிரி வரையாடு நம் மாநில விலங்கு என்பதால் எனக்கு இந்தப் பெயர்மேல் ஒரு சாய்வு. குறை என்னவென்றால் அமெரிக்காவில் 'யேல்' என்று பல்கலைக்கழகம் ஆக்கிவிடுவார்கள்.

மக்ரூன், புதன் பகல் 1:25

ஹவாவில் ஹ போனால் அவா. அதை அறுக்கச் சொல்லி வள்ளுவர் 37ஆம் அதிகாரம் முழுக்க எழுதியிருக்கிறார். யோசித்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலம், புதன் மாலை 5:45

ஏன் இவ்வளவு குனிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ழகரம் வராத ஊர்களில் இருந்துகொண்டு யாழினி, எழில், தமிழழகி என்று வைக்கிறோம். ஷ்வார்ஸ்னேகர் என்று தடுக்காமல் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இரண்டு எழுத்து ஹவா வராதா? வராது என்றால் கற்றுக்கொள்ளட்டும்.

அந்த இனத்தாரே பெயரை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள்தானே. வெளியே மோரிஸ், ஜெபாலயத்தில் மோஷே என்று இரண்டு பெயரோடு வாழ்ந்தார்கள். பிறகு தங்கள் நாடு வந்ததும் எதிர்த்திசையில் மாற்றினார்கள். டேவிட் க்ரூன் பென் குரியன் ஆனார், கோல்டா மேயர்சன் கோல்டா மெயிர் ஆனார். அவ்வளவு பாடுபட்டு மீட்ட பெயர்களை மறுபடி அமெரிக்க நாக்குக்குத் தகுந்தபடி வடிகட்டுவதா?

லண்டன்_யாழ், புதன் இரவு 11:30

நெய்தல்நிலம், நீங்கள் சொன்ன பெயர்களில் ஒன்று என்னுடையது. ஏழு வயதில் இங்கே வந்தேன். யாலினி, ஜாஸ்லினி, ஒருமுறை ஜாஸ்மின். தப்பாகச் சொன்னதற்காக நான் ஒருநாளும் அழவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயருக்கு முன்னால் டீச்சர் நிறுத்துவார் பாருங்கள், அதுதான். எல்லாப் பெயரும் மளமளவென்று வரும், திடீரென்று ஒரு அமைதி, டீச்சர் புருவத்தைச் சுருக்குவார், முப்பது தலைகள் என் பக்கம் திரும்பும். ஒன்பதாம் வகுப்பில் அவர் நிறுத்தியதுமே 'இருக்கிறேன் மிஸ்' என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். பெயரைச் சொல்லவே விடுவதில்லை.

பெயரை மாற்றவும் இல்லை, மாற்ற ஆசையும் இல்லை. ஆனால் 'கற்றுக்கொள்ளட்டும்' என்பது சுலபமான வாக்கியம். கற்றுக்கொடுக்கிற வேலை அந்தக் குழந்தைக்கு.

அந்த நிறுத்தம் ஒலியால் வருவதில்லை என்று இப்போது நினைக்கிறேன். எழுத்தால் வருகிறது. அவர்கள் என் பெயரைக் கேட்டிருந்தால் ஏறக்குறையச் சொல்லியிருப்பார்கள், படிக்கும்போதுதான் இசட்டும் எச்சும் பயமுறுத்தின. குமரிக்கடல் அக்கா, அந்தப் பாட்டி பெயரில் சி எழுத்து கட்டாயமா?

நெய்தல்நிலம், வியாழன் காலை 7:05

யாழ், மன்னிக்கவும். நான் பிறந்த ஊரிலேயே இருப்பவன். வருகைப் பதிவுக் கதை எனக்குத் தோன்றியிருக்காது.

நெறியாளர், வியாழன் காலை 9:00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மேற்காசிய அரசியலுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இது பெயர் இழை.

கார்மேல்_மலைக்காரன், வியாழன் காலை 10:30

சி கட்டாயமே இல்லை. எபிரேயத்தில் எழுதும்போது ஹேத், வாவ், ஹே என்று மூன்றே எழுத்து, அது மாறாது. ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே விதி என்று கிடையாது. ஹைஃபாவுக்கே எச்தான் போடுகிறார்கள், அதுவும் ஹேத்தில் தொடங்குகிற பெயர்தான். எச், ஏ, வி, ஏ என்று எழுதுங்கள். அமெரிக்கர் சாதாரண ஹகரம் சொல்வார், உங்கள் மாமியார் தொண்டையில் சொல்வார். இரண்டுக்கும் குழந்தை திரும்பிப் பார்க்கும்.

ஆனால் நேர்மையாக எச்சரிக்க வேண்டும். எச் போட்டால் வாழ்நாள் முழுக்க யாராவது 'ஹவா நகீலா' பாடுவார்கள். அந்தப் பாட்டின் ஹவா வேறு சொல், 'வாருங்கள், மகிழ்வோம்' என்பதிலுள்ள 'வாருங்கள்'. எபிரேய எழுத்தும் வேறு. இங்கே யாருக்கும் குழம்பாது, நியூஜெர்சியில் கண்டிப்பாகக் குழம்பும்.

மக்ரூன், வியாழன் காலை 10:41

எடிசன் பக்கம் என்றால் இந்திக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு ஹவா என்றால் காற்று. அது ஒன்றும் மோசமில்லை.

ராமத்கான்_செவிலி, வியாழன் இரவு 11:50

இரவுப் பணிக்கு நடுவே படித்தேன். நானும் கன்னியாகுமரி மாவட்டம்தான் அக்கா. ஆறு வருடமாக இங்கே முதியோரைப் பார்த்துக்கொள்கிற வேலை, இவர்கள் 'மெத்தபெலெத்' என்பார்கள். எனக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்தது நான் பார்த்துக்கொள்ளும் சவ்தாதான். சவ்தா என்றால் பாட்டி. ஹேத் வராமல் முதல் மாதம் நான் திணறியபோது, வெந்நீர் வாயைச் சுட்டால் எப்படி ஊதுவாய், அதைத் தொண்டையில் செய் என்று காட்டினார். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. நம் நாக்கு அவ்வளவு மோசமில்லை.

உங்கள் சந்தேகத்தை அவரிடமே கேட்டேன். அவருக்கு 91 வயது, போலந்தில் பிறந்தவர். பெயருக்குள் ஆள் இருந்தால் போதும், ஒலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்றார். அவர் பக்கத்தில் அதே பெயர்தான் வைக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். அதே பொருளில் வைக்கலாம், அதே முதலெழுத்தில் வைக்கலாம். ஹவா என்றால் உயிரோடு சேர்ந்த பெயர், அதனால் ஹயா என்று வைத்தாலும் பாட்டி பெயர் வைத்த கணக்குத்தானாம். நம் பக்கம் ஜீவா என்று வைத்தாலும் செல்லுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, 'அழகாக இருக்கிறது, ஆனால் கல்லறையில் இருக்கிறவளுக்குத் தமிழ் தெரியாதே' என்றார்.

குமரிக்கடல், வெள்ளி காலை 7:20

எல்லாருக்கும் நன்றி. செவிலி தங்கச்சி, உன் சவ்தாவுக்கு என் வணக்கம்.

ஹயா எங்களுக்கும் தோன்றியது. ஆனால் அதே ஹேத், அதே தொல்லை, பாட்டியும் இல்லை. மாயாவில் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, சொல்லிப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாரையும் கூப்பிடுவதுபோல இல்லை. தாமார் எனக்குப் பிடிக்கும், தாமரை என்று கொஞ்சலாம். ஆனால் ஆதியாகமத்துத் தாமாரின் கதையும், தாவீதின் மகள் தாமாரின் கதையும் அம்மாவுக்கு மனப்பாடம். நோஆவைப் பற்றிக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் 'பையன் என்று சொல்லவே இல்லையே' என்கிறார்கள். 2013 முதல் 2016 வரை இங்கே ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் நோவா. செலொப்பியாத்தின் ஐந்து பெண்களில் ஒருத்தி, அப்பா சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்றவள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆக யாஏல், இல்லாவிட்டால் எச் போட்ட ஹவா. நேற்று இரவு கணவரிடம் கேட்டேன்: 'எந்தப் பெயரைத் தப்பாகச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வராது?' பாட்டியையே ருமேனியாவில் ஒரு மாதிரி, ஹைஃபாச் சந்தையில் ஒரு மாதிரிக் கூப்பிட்டார்களாம். பாட்டி எல்லாவற்றுக்கும் 'என்ன?' என்று திரும்புவாராம்.

லண்டன்_யாழ், வெள்ளி காலை 9:15

அப்படியென்றால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம் அக்கா.

மக்ரூன், வெள்ளி காலை 9:30

வரையாடு போச்சே!

பணிநிறைவு_ஆசிரியர், வெள்ளி மாலை 4:00

தாயாருக்கு ஹகரம் வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபத்தில் 'அல்லேலூயா' என்று சொல்கிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் கடினம். அந்தச் சொல்லின் முதல் ஹகரத்தைத்தான் நாம் எப்போதோ விழுங்கிவிட்டோமே.

குமரிக்கடல், அக்டோபர் 3, இரவு 8:10

பழைய இழையை எழுப்புகிறேன். பிறந்துவிட்டாள். ஹவா.

ஆஸ்பத்திரி நர்ஸ் படிவத்தைப் பார்த்து நிறுத்தாமல் 'ஹாவா' என்று படித்தார். யாழ், அந்த நொடியில் உன்னைத்தான் நினைத்தேன். பாட்டை இதுவரை இரண்டு பேர் பாடிவிட்டார்கள், அதில் ஒருவர் குழந்தை மருத்துவர். மாமியார் போனில் பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தொண்டையிலிருந்து அந்த ஹேத்தோடு ஒருமுறை, அப்புறம் அழுதுகொண்டே பலமுறை.

அம்மாவுக்குத்தான் பெரிய ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். வெந்நீர் ஊதுகிற வித்தைகூட ஒத்திகை பார்த்தேன். வீடியோவில் மெதுவாக ஹ, வா என்று பிரித்துச் சொல்லிக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, 'ஏவாளா? அதை நேரே சொன்னால் என்ன?' என்றாள். அன்றிலிருந்து ஏவாம்மா. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், ஈசாக்கு.

ராமத்கான்_செவிலி, அக்டோபர் 4, அதிகாலை 2:30

மசல் தோவ் அக்கா! சவ்தா தூங்காமல் இருந்தார், உடனே சொன்னேன். பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எடை எவ்வளவு என்கிறார்.

குமரிக்கடல், அக்டோபர் 4, அதிகாலை 2:50

3 கிலோ 100. நானும் தூங்கவில்லை.